கட்டுத்தரையில் ஆறு மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்நடை மருத்துவப் படிப்புக்கான கலந்தாய்வு பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. உள்ளே போகிற பிள்ளைகள் ஐந்தரை வருடம் கழித்து வெளியே வரும்போது எதைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்பதையும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது. இந்த வேலையை முப்பத்தைந்து வருடம் பார்த்தவள் என்பதால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பொள்ளாச்சிக்கு மேற்கே, கோபாலபுரம் பக்கம். எங்கள் ஊரைத் தாண்டினால் சோதனைச் சாவடி, அதைத் தாண்டினால் கேரளா. அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரைப்பதி என்று போகிற ஊர்களிலும் வீட்டுக்கு வீடு தமிழ்தான். பொள்ளாச்சிச் சந்தையில் செவ்வாயும் வியாழனும் வாங்குகிற மாடு சாயங்காலத்துக்குள் அங்கே ஒரு கட்டுத்தரையில், அதாவது மாடு கட்டுகிற இடத்தில், நிற்கும். பால் வாங்குவது இந்தப் பக்கம் ஆவின், அந்தப் பக்கம் மில்மா. மாடும் தீவனமும் மாட்டுக்காரர்களும் ஒன்றுதான்.

போன மாசியில் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும், அடுத்த தோட்டத்து ஆத்தா ஆள் அனுப்பினார். மூன்றாம் ஈத்து மாடு. சாயங்காலத்திலிருந்து முக்குகிறது, பனிக்குடம்கூட வெளியே தெரியவில்லை. நான் போனபோது புதிதாகப் பணிக்கு வந்திருந்த டாக்டர் பெண் அங்கே இருந்தாள். அந்த நேரத்திலும் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்திருந்தாள். அதற்கே அவளைப் பாராட்ட வேண்டும். தோள்வரை உறை மாட்டிக்கொண்டு மாட்டின் பின்னால் நின்றிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. ஆத்தா அவளைப் பார்த்துக் கேட்டார்: "கண்ணு, மாடு பொழைச்சுக்குமா? ஒரு வார்த்தை சொல்லிப்போடு சாமி." அந்தப் பிள்ளையால் வாயைத் திறக்க முடியவில்லை.

"கையை உள்ளே விட்டுப் பாரம்மா, என்ன தட்டுப்படுது?" என்று கேட்டேன்.

"மடிப்பு மடிப்பா இருக்கு மேடம். கை மேல போக மாட்டேங்குது."

"மடிப்பு எந்தப் பக்கமா சுத்திப் போகுது?"

கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். "வலது பக்கம்."

"அப்ப என்ன செய்யணும்?"

அவள் சொன்ன பதிலில் ஒரு தப்புகூட இல்லை. கருப்பை வலப்பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. மாட்டை வலப்பக்கமாகப் படுக்க வைத்து, விலாவுக்குக் கீழே வயிற்றின் மேல் பலகையைச் சாய்த்து, அதன் மேல் ஒருவர் ஏறி நிற்க, முறுக்கு இருக்கிற அதே திசையில் மாட்டை உருட்ட வேண்டும். கன்றும் கருப்பையும் பலகையின் பாரத்தில் அப்படியே நிற்கும், உடம்பு மட்டும் சுற்றி வந்து முறுக்கோடு சேர்ந்துகொள்ளும். எல்லாம் சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "படிச்சிருக்கேன் மேடம், பண்ணினதில்லை" என்றாள்.

வண்டி ஓட்டிய காலத்துப் பலகை ஒன்று ஆத்தா வீட்டுச் சுவரில் சாத்திக் கிடந்தது. அதை எடுத்தோம். வைக்கோலைப் பரப்பி, கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, முன்னங்கால் இரண்டையும் ஒரு கட்டு, பின்னங்கால் இரண்டையும் ஒரு கட்டு. தலையைப் பிடிக்க ஒருவர், கால் கயிற்றுக்கு நாலு பேர், பலகை மேல் ஆத்தாவின் மருமகன். முதல் உருட்டில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது உருட்டு முடிந்ததும் அவளையே கை விடச் சொன்னேன். "மேடம், கை சறுக்கிக்கிட்டு உள்ளே போகுது, கன்னுக்குட்டி கால் தட்டுப்படுது" என்று அவள் சொன்னபோது அந்தக் குரலே மாறியிருந்தது. கன்று செத்துத்தான் வெளியே வந்தது, நேரம் கடந்துவிட்டது. மாடு பிழைத்தது. இரண்டு மணிக்குத் தொட்டியில் கை கழுவும்போது அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு மனசு கனத்துப் போனது. படிக்கும்போது இந்த முறுக்கை இரண்டு தடவை பார்த்திருக்கிறாளாம், இரண்டு தடவையும் ஆறேழு பேருக்குப் பின்னால் நின்று. உள்ளே கை விட்டது ஒருவர்தான். அவள் பயிற்சி எடுத்த நகரத்து ஆஸ்பத்திரிக்கு வருவதில் பெரும்பகுதி நாயும் பூனையும்.

இதை அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எழுதவில்லை. அவள் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது.

1989-இல் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். ஒரு கலப்பின மாடு, கன்று போட்டு இரண்டாம் நாள், எழுந்திருக்க முடியாமல் கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தது. காது ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உண்மையில் உடம்பு குளிர்ந்து போகும். பாலில் சுண்ணாம்புச் சத்து இறங்கி, இரத்தத்தில் அது குறைந்துபோவதால் வருவது. கால்சியம் பாட்டிலைக் கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும், பத்து நிமிடத்துக்குக் குறையவே கூடாது, ஒரு காது நெஞ்சுத் துடிப்பிலேயே இருக்க வேண்டும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள், எல்லோரும் அவசரப்படுத்தினார்கள், பாட்டிலைத் தூக்கிப் பிடித்தவர் இன்னும் உயரத் தூக்கினார், நான் தடுக்கவில்லை. பாதிப் பாட்டில் போகும்போது மாடு ஒரு தடவை கத்தியது, காலை விறைத்தது, அவ்வளவுதான்.

மாட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "போனது போச்சுங்கம்மா, அடுத்த மாட்டுக்குப் பாத்துப் போடுங்க" என்றார். அந்த வீட்டில் பால் கொடுத்தது அந்த ஒரு மாடுதான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் மருந்தக உதவியாளர், பள்ளிப் படிப்பை முடிக்காத மனிதர், மறுநாள் காலையில் என்னைக் கூட்டிப் போய் வேறொரு மாட்டின் இடது முழங்கைக்குப் பின்னால் காதை வைக்கச் சொன்னார். "பாட்டில் பிடிக்கிற கையை நீங்கதான் சொல்லி இறக்கணும், கூட்டம் சொல்றதைக் கேட்கக் கூடாது" என்றார். என்னை டாக்டர் ஆக்கியதில் பட்டத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவருக்கும் அவ்வளவு உண்டு. ஆனால் அந்த ஒரு பாடத்துக்கு ஒரு குடும்பத்தின் மாட்டை விலையாகக் கொடுத்தேன். அது வேலைக்கு வருமுன்பே, பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்கும்போதே, கற்றிருக்க வேண்டிய பாடம்.

இந்தத் தொழில் என் கண் முன்னால் மாறிய வேகத்தையும் சொல்ல வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903-இல் கல்லூரி தொடங்கிய காலத்தில் குதிரையும் எருதும்தான் பெரிய பாடம். 1936-இல் அங்கே பட்டப்படிப்பு வந்தது. நான் வேலைக்கு வந்த 1989-இல்தான் கால்நடை மருத்துவத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகமே தமிழ்நாட்டில் உண்டானது. அப்போதும் எங்கள் மருந்தகத்துக்குக் காலையில் வருவது உழவு மாடுகள்தான்: நுகத்தடி உரசிய கழுத்துப் புண், கொம்புப் புற்று, காயடிக்க வந்த காளைகள். மாணவியாக நான் பக்கம் பக்கமாகப் படித்த, மாடுகளின் கொள்ளை நோயான வெக்கை நோய் 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது. உழவு மாடு போனது, டிராக்டர் வந்தது. காளைக் கன்றை யாரும் விரும்பாததால் இன்று நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரி பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்துக் குச்சி வந்திருக்கிறது. கையால் பார்த்து இரண்டு மாதத்தில் சொன்ன சினையை ஸ்கேனில் ஒரு மாதத்திலேயே சொல்கிறார்கள். இதெல்லாம் நல்லதுதான், எனக்கு மகிழ்ச்சிதான். உறை இல்லாமல் வெறுங்கையால் நஞ்சுக்கொடி எடுத்த காலம் எங்களுடையது. மாட்டின் கருச்சிதைவு நோய்க் கிருமி தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலில் மாதக்கணக்கில் கிடந்த சகாவை எனக்குத் தெரியும். இன்றைய பிள்ளைகள் உறை இல்லாமல் தொடுவதில்லை. அது படிப்பு கொடுத்த நல்ல பழக்கம்.

என் பையில் இருந்த மருந்துகளும் அப்படித்தான். செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றது என்பதால், டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை மாட்டுக்குப் போடக் கூடாது என்று 2006-இல் தடுத்தார்கள். 2019-இல் கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்து, 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துகள். நீலகிரி மலைக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பறக்கிற கழுகுகளுக்கும், இங்கே நான் ஒரு மாட்டுக்குப் போடுகிற வலி ஊசிக்கும் சம்பந்தம் உண்டு என்பது நான் படித்த பாடத்தில் இல்லவே இல்லை. இன்றைய மாணவர் அதைப் படிக்கிறார். சரி. ஆனால் படித்ததை மாட்டுக்காரரிடம் சொல்லத் தெரிய வேண்டுமே. எனக்குப் பெரிய கவலை அங்கேதான்.

வேலந்தாவளம் பக்கம் மூன்று மாடு வைத்திருக்கிற ஒரு பெண்மணி. ஒரு மாட்டுக்கு மடிநோய், ஒரு காம்பில் திரிதிரியாகப் பால். ஊசி போட்டாகிவிட்டது. ஊசி போட்ட நாட்களிலும், அது முடிந்து மருந்துக்குத் தக்கபடி இன்னும் சில நாளும், மருந்து பாலில் இறங்கும் என்பதால், அந்த மாட்டின் பாலைப் பால் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. எதேச்சையாக நான் அங்கே போனபோது அவர் எல்லாப் பாலையும் ஒரே கேனில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏனம்மா என்றேன். "ஊசி போட்டவரு ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார். டாக்டர் கொடுத்த மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். அவருடைய பையன் வேலைக்குப் போயிருந்தான், படித்துச் சொல்ல ஆள் இல்லை.

அந்த டாக்டர் தப்பானவர் இல்லை, சீட்டில் எழுதத்தான் செய்தார். ஆனால் அந்தப் பாலை ஒரு குழந்தை குடிக்கும் என்பதையும், ஐந்தாறு நாள் பாலைக் கீழே கொட்டினால் அந்த வீட்டில் தீவனக் கடன் எப்படி அடையும் என்பதையும் சேர்த்து உட்கார்ந்து பேச அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பேசினால் வழி பிறக்கும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் ஊசியே இல்லாமல் பல மாடுகளைத் தேற்றலாம். சோற்றுக்கற்றாழை கால் கிலோ, மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைச் சுத்தமாகக் கழுவிப் பாலை முழுக்கக் கறந்து எடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை ஐந்து நாளுக்குப் பூச வேண்டும். நமது பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, தேசிய பால்வள வாரியம் நாடு முழுக்கப் பரப்புகிற முறை இது. அரைத்த விழுது கையில் மஞ்சள் சிவந்து வருவதைப் பார்த்த பெண்கள் அதை மறப்பதே இல்லை. ஒரு நாள் தள்ளிப்போய்க் கிருமி உள்ளே ஏறிவிட்டால் ஊசியைத் தவிர வழியில்லை. எது எந்த நிலை என்று பிரித்துச் சொல்வதுதான் டாக்டரின் வேலை, அது பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

இங்கே எல்லை என்பதால் பேச்சிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பக்கத்து மருந்தகங்களுக்கு வருகிற இளம் டாக்டர்கள் பெரும்பாலும் மலையாளத்துப் பிள்ளைகள், நல்ல உழைப்பாளிகள். மாட்டுக்காரர் "மடி வீங்கியிருக்கு" என்கிறார். மலையாளத்தில் மடி என்றால் சோம்பல், மாட்டு மடிக்கு அவர்கள் சொல்வது அகிடு. சினை அங்கே செனை, அது புரிந்துவிடும். கோமாரி என்றால் சிலருக்குப் புரிவதில்லை. பத்து நாள் கட்டுத்தரையில் நின்றால் தீர்ந்துபோகிற விஷயம் இது. இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போகிற நம் பிள்ளைகளுக்கும் அதேதான். தோல் கழலை நோய், ஊரார் சொல்கிற அம்மை, பரவிய வருடத்தில் ஈயும் கொசுவும் உண்ணியும் எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்கவில்லை. பறவைக் காய்ச்சல் என்றால் சாவடியில் லாரிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்கிறோம். ஆனால் இரண்டு பக்கத்து இளம் டாக்டர்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிற அளவுக்குப் பழக்கம் இருந்தால் பாதி நோயைச் சாவடிக்கு முன்பே பிடித்துவிடலாம்.

நாய், பூனை வைத்தியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொள்ளாச்சியிலேயே இப்போது அதற்குத்தான் வரிசை நிற்கிறது. பதினாலு வருடம் வளர்த்த நாயை இனித் துன்பப்படாமல் தூங்க வைக்கலாம் என்று ஒரு குடும்பத்திடம் சொல்வது, மாட்டுக்காரரிடம் "இது பிழைக்காதுங்க, செலவு பண்ணாதீங்க" என்று சொல்வது, இரண்டும் ஒரே கலைதான். கோழிப் பண்ணைக்கும் ஆய்வகத்துக்கும் வனத்துறைக்கும் போகிறவர்களுக்கும் இது உதவும்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். 2016-ஆம் ஆண்டு விதிமுறைப்படி இந்தப் படிப்பில் கடைசி ஒரு வருடம் முழுக்க உள்ளிருப்புப் பயிற்சி. அந்தப் பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதத்தைக் கிராமத்து மருந்தகங்களுக்குக் கொடுங்கள். பார்த்துவிட்டுப் போகிற சுற்றுலாவாக வேண்டாம். அதே ஊரில் தங்கி, அதே மருந்தக டாக்டரோடு, ராத்திரிக் கூப்பிட்டாலும் கூடவே போகிற ஆறு மாதம். இத்தனை கன்றைத் தன் கையால் எடுத்தார் என்று அந்த டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு மதிப்பெண் இருக்க வேண்டும். ஒரு வீட்டின் பால் கணக்கை, தீவனம், மருந்து, சொசைட்டிப் பணம் என்று ஒரு மாதம் உட்கார்ந்து எழுத வேண்டும். சீட்டை அந்த ஊர் மொழியில் எழுதப் பழக வேண்டும். எங்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் கல்லூரி இருக்கிறது: 2020-இல் வந்த உடுமலை இங்கே, 1955-இலிருந்து இருக்கிற மண்ணுத்தி அங்கே. உடுமலைப் பிள்ளைகள் இரண்டு மாதம் கொழிஞ்சாம்பாறையிலும், மண்ணுத்திப் பிள்ளைகள் இரண்டு மாதம் பொள்ளாச்சிப் பக்கத்திலும் இருக்கட்டுமே. இதற்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் கலந்து பேசினாலே பெரும்பாலும் முடிந்துவிடும் என்று நம்புகிறேன்.

மாணவர்கள் ஊருக்குள் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு மண்ணுத்தியே சாட்சி. அழிந்தே போனது என்று நினைத்த, கேரளத்தின் குட்டை இனமான வெச்சூர் மாட்டை 1989-இல் தேடிக் கண்டுபிடித்தது பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும்தான். அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு நடந்த அந்தப் பிள்ளைகள் கற்றதை எந்த வகுப்பறை கொடுத்திருக்கும்?

இதில் ஒரு விஷயத்தை மட்டும் அரசு முதலில் செய்து தர வேண்டும். நான் படித்தபோது வகுப்பில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று பெண் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், எனக்கு அதில் பெருமை. ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் பெண்களுக்கான கழிப்பறையே கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாவின் தயவில் எட்டு வருடம் ஓட்டினேன். மாணவிகளைக் கிராமத்துக்கு அனுப்புமுன் தங்க ஒரு நல்ல இடம், கழிப்பறை, ராத்திரி போக வண்டியும் துணைக்கு ஒரு ஆளும் உறுதியாக இருக்க வேண்டும். 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் வருகிற நடமாடும் மருத்துவ வண்டி இப்போது இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது. அந்த வண்டியில் பயிற்சி டாக்டருக்கும் ஒரு இருக்கை ஒதுக்கலாம்.

அந்த ராத்திரிக்குப் பிறகு அந்த டாக்டர் பெண் மூன்று தடவை என்னை அழைத்தாள். மூன்றாவது தடவை முறுக்கை அவளே எடுத்துவிட்டு, கன்று நிற்கிற போட்டோவோடு அழைத்தாள். கிடேரி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கல்லூரி எதுவானாலும் சரி, பயிற்சிக்கு வருகிற இரண்டு மாணவிகளை ஆறு மாதம் வைத்துக்கொள்ள நான் தயார், வாடகை வேண்டாம், சாப்பாடு எங்களோடு. சுற்றிலும் நாற்பது கட்டுத்தரை இருக்கிறது, ஆத்தாவின் பலகையும் இருக்கிறது. காலையில் நாலரை மணிக்கு, பால் கறக்கும் நேரத்துக்கு, எழுந்திருக்க வேண்டியிருக்கும். என் விலாசம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்பவர்களுக்குத் தயவுசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை உதவி மருத்துவர்,
கோபாலபுரம் அருகே, பொள்ளாச்சி வட்டம்.